வாசகர் கேள்வி: ராக்கெட் விடும் வானத்தில் விமானமும் வருமே?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகன், நண்பர்களோடு சேர்ந்து 3 கிலோ எடையில், ஜே வகை (ஆங்கில எழுத்து வரிசையில் போகப் போகச் சக்தி கூடும்) மோட்டார் வைத்து, 1,500 மீட்டர் உயரம் போகும் ராக்கெட் செய்கிறான். "பொட்டல்வெளிதான். அண்ணாந்து பார்த்துவிட்டு விட்டால் போதும்" என்கிறான். போதுமா?

பதில்: போதாது. உச்சியைத் தொட ராக்கெட்டுக்குச் சுமார் 18 விநாடி ஆகும். அதற்குள் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் வரும் சிறு விமானம் 1 கி.மீ. கடந்துவிடும். அந்த அளவு தூரத்தைக் கண்ணால் காவல் காக்கலாம். இறங்கும் நேரத்துக்கு அந்தக் காவல் உதவாது. உச்சியிலேயே பெரிய பாராசூட் விரிந்தால் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் தரைக்கு வர 5 நிமிடம். ஏவும்போது 16 கி.மீ. தள்ளியிருந்த, கண்ணுக்கே தெரியாத விமானம் அதற்குள் தலைக்கு மேல் வந்துவிடும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால் ராக்கெட்டும் 1.6 கி.மீ. நகர்ந்திருக்கும். அட்டையும் ஃபைபர் கிளாஸுமான இந்தச் சிறு உடல் ரேடாரில் தெரியும் என்று நம்ப முடியாது. விமானி கண்ணில் படுவதும் அரிது.

அதனால் இரட்டைப் பாராசூட் முறையை வற்புறுத்துங்கள். உச்சியில் சிறிய பாராசூட், விநாடிக்கு 20 மீட்டர் இறக்கம். 200 மீட்டரில் பெரியது. 2 நிமிடத்துக்குள் தரை வந்துவிடும். இதில் அடிக்கடி நடக்கும் தவறு, முதல் உதறலிலேயே மூக்குக் கூம்பு கழன்று பெரிய பாராசூட்டும் வெளியே விழுவது. கூம்பை 2 அல்லது 3 நைலான் ஷியர் பின்களால் (பலமாகத் தள்ளினால் அறுந்துவிடும் சிறு ஆணிகளால்) பூட்டி, பெரிய பாராசூட்டை வெளித்தள்ளும் வெடிமருந்து அவற்றை அறுக்கிறதா என்று தரையிலேயே சோதிக்க வேண்டும். பாராசூட்டுகளை விரிக்க வைக்கும் உயரமானி, காற்றழுத்தத்தை வைத்தே உயரத்தைக் கணக்கிடும். அது இருக்கும் அறையில் காற்றுத் துளை இல்லையென்றால் அழுத்த மாற்றமே அதற்கு எட்டாது. பாராசூட் தப்பான நேரத்தில் விரியும், அல்லது விரியாமலே போகும்.

சட்டப்படி இது 2ஆம் வகுப்பு ராக்கெட். மேகத்துக்குள் விடக்கூடாது, வானில் பாதிக்கு மேல் மேகம் மூடியிருக்கும் உயரத்துக்கும் போகக்கூடாது. விமான நிலைய எல்லையிலிருந்து 9.26 கி.மீ.க்குள்ளோ, கட்டுப்பாட்டிலுள்ள வான்பகுதியிலோ, இரவிலோ விட எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) முன் அனுமதி தேவை. அப்படி அனுமதி தேவைப்பட்டால், ராக்கெட்டின் விவரங்களை 45 நாள் முன்பே எஃப்.ஏ.ஏ.க்கு அனுப்ப வேண்டும். அருகிலுள்ள விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு, 3 நாளுக்கு முந்தாமலும் 24 மணி நேரத்துக்குப் பிந்தாமலும் தகவல் தர வேண்டும். அப்போது உயரம் தரையிலிருந்தா, கடல் மட்டத்திலிருந்தா என்று சொல்லியே ஆக வேண்டும். சுமார் 1,190 மீட்டர் உயரத்திலுள்ள நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்தில் 1,500 என்றால், விமானியின் கணக்கில் அது 2,690.

கேள்வி: என் மகள் கடையில் வாங்கிய சின்ன அட்டை ராக்கெட்டுக்கும் இத்தனை அனுமதியா?

பதில்: வேண்டாம். மொத்த எடை 1,500 கிராம், எரிபொருள் 125 கிராம் தாண்டாத, கனமான உலோகப் பாகம் இல்லாத காகித, மர, உடையும் பிளாஸ்டிக் ராக்கெட் 1ஆம் வகுப்பு. ஆனாலும் விமானத்துக்கு ஆபத்து விளைவிக்கக்கூடாது என்ற விதி அதற்கும் உண்டு. எஞ்சின் சத்தம் கேட்டால் எண்ணுவதை நிறுத்திவிட்டு, விமானம் போகும் வரை காத்திருக்கச் சொல்லுங்கள்.