ஐகன் மாறியதற்கு ஃபோமட்டா?

கேள்வி: மகள் ஏ.எல். படிப்புக்காக ஓர் இலவச ஒபிஸ் புரோகிராம் போட்டாள். அதற்குப் பிறகு என் வேர்ட் கோப்புகளில் எல்லாம் அந்தப் புரோகிராமின் படம்தான் தெரிகிறது. டெஸ்க்டொப்பிலும் நாலைந்து ஐகன்கள் வெறும் வெள்ளைத் தாளாக நிற்கின்றன. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் காட்டினேன். ஃபோமட் பண்ணி விண்டோஸை மறுபடி போட 6,000 ரூபா கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: கொடுக்காதீர்கள். இரண்டுமே வீட்டில் பார்க்கக்கூடிய வேலைதான்.

எந்தப் புரோகிராம் திறக்கிறதோ அதன் படத்தைத்தான் விண்டோஸ் கோப்புக்குப் போடும். புதிதாக வந்தது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு வேர்ட் கோப்பில் ரைட் கிளிக் செய்து 'ஓபன் வித்', பிறகு 'சூஸ் அனதர் ஆப்' போங்கள். வேர்டைத் தெரிவுசெய்து, எப்போதும் இதிலேயே திறக்கச் சொல்லும் 'ஒல்வேய்ஸ்' என்பதையும் கொடுங்கள். ஒரு கோப்பில் செய்தால் அதே வகைக் கோப்புகள் எல்லாம் மாறிவிடும். பழைய 'டொக்' (.doc) கோப்புகள் இருந்தால் அவற்றுக்குத் தனியாக ஒரு தடவை.

வெள்ளை ஐகனை முதலில் டபுள் கிளிக் செய்து பாருங்கள். திறக்காவிட்டால் அந்தப் புரோகிராமே கணினியில் இல்லாமல் போயிருக்கலாம். வேண்டுமென்றால் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் ஐகனை அழித்துவிடுங்கள். ஒழுங்காகத் திறந்தால் படம் மட்டும்தான் பழுது. விண்டோஸ் ஐகன் படங்களை 'ஐகன் கேஷ்' என்ற கோப்புகளில் சேர்த்து வைக்கிறது. அது கெட்டுப்போனால் இப்படி வரும். கணினியை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சரிவராவிட்டால் கடையில் "ஐகன் கேஷை மட்டும் அழித்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். சில நிமிட வேலை. விண்டோஸ் அதைத் தானாகவே மறுபடி உருவாக்கிக்கொள்ளும், உங்கள் கோப்புகளில் கை படாது. 'ஐகன் ரிப்பேர்' என்று இணையத்தில் கிடைக்கும் இலவசப் புரோகிராம்கள் பக்கம் மட்டும் போகவேண்டாம். ஒன்றைப் போட்டுத்தானே இவ்வளவும் வந்தது!

பயப்பட வேண்டிய ஐகன்களும் உண்டு. கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்துவிட்டு வந்தபின் பென் டிரைவில் ஃபோல்டர்கள் எல்லாம் சின்ன அம்புக்குறியோடு தெரிந்தால், பெரும்பாலும் அது வைரஸ். உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷோர்ட்கட் வைத்திருக்கும். திறக்காமல் அன்டிவைரஸால் ஸ்கேன் செய்யுங்கள். கோப்புப் பெயர்களின் கடைசியில் புதிதாக ஏதோ எழுத்துகள் ஒட்டிக்கொண்டு, எதுவுமே திறக்கவில்லையா? உடனே இணையத்தைத் துண்டித்துவிட்டு, விபரம் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள். அங்கே செலவு செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

என்றைக்காவது ஃபோமட் செய்யத்தான் வேண்டுமென்றால், அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறு டிரைவில் பிரதி எடுங்கள். போடப்போகும் விண்டோஸ் அசலா என்று கேளுங்கள். என்ன வேலை, எவ்வளவு காசு என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். பிறகு பிரச்சினை வந்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு செய்யும்போது அந்தச் சீட்டைத்தான் காட்டவேண்டியிருக்கும்.