கைநீட்டாதவர் யார்?

அன்புள்ள ஐயா,

அரசாங்கம் ஏழைக் குடும்பங்களுக்குக் காசு கொடுக்கிற அஸ்வெசும திட்டம் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு உடன்பாடு இல்லை. கொடுக்கக் கொடுக்கச் சனம் சோம்பேறியாகிறது. வயலுக்குக் கூலிக்கு ஆள் பிடிக்க முடியவில்லை. முன்பு கோயிலும் தாய்வழிக் குடியும் பெரிய வயற்காரரான போடியாரும் ஏழை எளியதுகளைப் பார்த்துக்கொண்டார்கள். இப்படி அள்ளிக் கொடுத்துத்தான் 2022இல் நாடு வங்குரோத்தானது. நான் வேளாண்மை செய்கிறவன், இன்றுவரை எந்த அரசாங்கத்திடமும் கைநீட்டியதில்லை. அறுவடை முடிந்த பிறகு நெல் வாங்க வருகிற அரசாங்கத்தால் எனக்கு என்ன பிரயோசனம்?

ச., காரைதீவு

அன்புள்ள ச.,

போடியார் பார்த்துக்கொண்டார் என்பது உண்மைதான். வேலையில்லாத நாளில், அவருடைய வயலில் வேலை செய்கிற முல்லைக்காரன் வீட்டுக்கு நெல் போகும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கைச்செலவுக்குக் காசும் போகும். களவெட்டியில் சூடடித்து முடிந்ததும் கணக்கு எடுப்பார்கள். வாங்கியதை வட்டியோடு கழித்துவிட்டு மிச்சத்தை அளந்து கொடுப்பார்கள். மிச்சம் வராத வருடத்தில் கடன் அடுத்த போகத்துக்குப் போகும், கடனோடு ஆளும் போவான். போடியாரோடு கோபித்துக்கொண்டு வேறு வயலுக்குப் போக அவனால் முடியாது. கோயிலும் குடியும் தங்கள் ஆட்களைத் தாங்கின, சரி. அந்த வட்டத்துக்கு வெளியே நின்ற குடும்பங்களை யார் தாங்கினார்கள் என்பதை உங்கள் கடிதம் சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் கைநீட்டாத விஷயம். உங்கள் வாய்க்காலில் ஓடுவது இங்கினியாகலைத் தண்ணீர். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்து, அமெரிக்கக் கம்பனி ஒன்றைக் கொண்டு அரசாங்கம் கட்டிய அணை அது. உர மானியம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுகிறது. உங்கள் பிள்ளைகள் காசு கட்டாமல் படித்தார்கள். இதிலெல்லாம் உங்களுக்குக் கூச்சம் இருந்திருக்காது. இருக்கவும் தேவையில்லை, ஏனென்றால் நீங்கள் ஏழையா என்று யாரும் கேட்கவில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது ‘நீ ஏழையா’ என்கிற இந்தக் கேள்விதான். 1980இல் இலவசப் பாடப்புத்தகமும் 1993இல் சீருடைத் துணியும் வந்தபோது அவை எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்தன. அதிபரின் மகளும் தோணிக்காரர் மகளும் ஒரே துணியைத்தான் தைத்துப் போட்டார்கள். புத்தகம் வரச் சுணங்கினால் அதிபரின் வீட்டிலும் முணுமுணுப்பு எழும்.

அஸ்வெசுமவில் அப்படி இல்லை. 22 குறிகாட்டிகளை வைத்து வீட்டை அளக்கிறார்கள்: மின்சாரம் எவ்வளவு, சுவர் என்ன சுவர், வாகனம் உண்டா. எங்கள் ஒழுங்கையில் தையல் தைத்துப் பிழைக்கிற ஒரு அக்கா இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார். அவருடைய மோட்டார் சைக்கிள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கிறது, அதன் இருக்கையில்தான் கோழி முட்டை இடுகிறது. 2023இல் பட்டியல் ஒட்டியபோது அக்காவின் பெயர் இல்லை. அந்தச் சைக்கிளாலா, தையல் மெசினுக்கு ஓடுகிற மின்சாரத்தாலா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மேல்முறையீடு போட்டார். நாடு முழுவதும் அப்படிப் போட்டவர்கள் 9 இலட்சத்துக்கும் மேல். கிராம அலுவலரான விதானையாரைத் திட்டிப் பயனில்லை, அவர் கையிலும் அந்தக் கணக்கு இல்லை.

கூப்பனுக்கு அரசாங்கம் மலிவாகக் கொடுத்த அரிசியின் கதையையும் பாருங்கள். 1953இல் பங்கீட்டு அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தாலில் நாடே நின்றது, ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அநேகமாக எல்லா வீட்டிலும் அந்த அரிசி வெந்தது, அதனால்தான் அவ்வளவு கோபம். 1978இல் கூப்பனைப் பாதிச் சனத்துக்குச் சுருக்கினார்கள். மறுவருடம் அதை எடுத்துவிட்டு ஏழைகளுக்கு மட்டும் உணவு முத்திரை என்றார்கள். முத்திரையில் அச்சடித்த ரூபாய் அப்படியே நிற்க, விலைவாசி ஏறி அதன் பெறுமதியைச் சில வருடங்களிலேயே அரித்துவிட்டது. ஹர்த்தால் எதுவும் நடக்கவில்லை. வாங்காதவருக்கு அது செய்தியாகக்கூடத் தெரியவில்லை.

அள்ளிக் கொடுத்து நாடு வங்குரோத்தானது என்கிறீர்கள். அஸ்வெசுமவுக்கு முன்பு ஏழைகளுக்குக் கொடுத்த சமுர்த்திக்குப் போனது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதம் கூட இல்லை. 2019 டிசம்பரில் வற் வரியை 15இலிருந்து 8 சதவீதமாக வெட்டினார்களே, அந்தப் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். இப்போது அது 18. பட்டியலில் பெயர் வராத அந்த அக்கா சவர்க்காரம் வாங்கும்போதும் அதைக் கட்டுகிறார்.

பெரிய அரசாங்கம் என்றால் நம் பக்கத்தில் பலருக்கு அடிவயிறு கலங்கும். அந்தப் பயம் நியாயமானது. கல்லோயாத் தண்ணீர் நம் பக்க வயல்களுக்கும் பாய்ந்தது, ஆனால் குடியேற்றக் காணி யாருக்கு என்று தெரிந்தெடுத்த இடத்தில்தான் அரசியல் புகுந்தது. 1956இல் அங்கே தமிழர்கள் கொல்லப்பட்டதை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அணை கட்டுகிற அரசாங்கத்துக்கு நான் பயப்படவில்லை. இவனுக்கு உண்டு, அவனுக்கு இல்லை என்று பிரிக்கிற பேனாவுக்குத்தான் பயப்படுகிறேன். வைத்தியசாலை, பள்ளிக்கூடம், குடிதண்ணீர், முதியோர் கொடுப்பனவு, இவற்றை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, இருக்கிறவரிடம் வரியில் எடுத்துக்கொள்ளலாம். செலவு கூடும்தான். அந்தச் செலவைப் பற்றி வாதாடலாம், சோம்பேறித்தனத்தைப் பற்றி வேண்டாம். உங்கள் வயலுக்கு வராத பொடியன்கள் கட்டாரிலும் சவூதியிலும் வெயிலில் நிற்கிறார்கள். அஸ்வெசுமவை வாங்கிக்கொண்டு எவனும் திண்ணையில் படுத்திருக்கவில்லை.

2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடுத்தது போன்ற வேலையை எந்த அரசாங்கமும் செய்யக்கூடாது என்பதில் நாம் இருவரும் ஒரு கட்சிதான். நெல் விஷயத்தில் நீங்கள் சொல்வதும் முழுக்கச் சரி. நெல்லெல்லாம் வியாபாரியின் லொறியில் ஏறிய பிறகு களஞ்சியத்தைத் திறப்பதால் ஒருவருக்கும் பயனில்லை. சென்ற போகத்தில் உங்கள் பக்கத்தில் எந்தத் திகதியில் திறந்தார்கள், வியாபாரி மூடைக்கு என்ன விலை தந்தார் என்று எழுதி அனுப்புங்கள், அதைத் தனியாக எழுதலாம்.