பால் மலிந்திருக்கும்போது கிரீம் விலை ஏறுவது ஏன்?

கேள்வி: சிறிய அளவில் ஐஸ்கிரீம் தயாரிக்கிறேன். பால் விலை இறங்கியிருக்கிறது. ஆனால் கிரீம் கொடுப்பவர் விலையை ஏற்றிவிட்டார். இது நியாயமா? இப்போதே நிறைய வாங்கி உறையவைத்துக்கொள்ளலாமா?

பதில்: அவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பாலுக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது. ஒன்று கொழுப்பு, இன்னொன்று கொழுப்பு அல்லாத திடப்பொருள் (புரதம், பால் சர்க்கரை போன்றவை). இரண்டுக்கும் தனித்தனிச் சந்தை. 4 சதவீதக் கொழுப்புள்ள 100 கிலோ பாலைப் பிரித்தால், 40 சதவீதக் கிரீம் ஏறக்குறைய 10 கிலோ கிடைக்கும். மீதி 90 கிலோ கொழுப்பு நீக்கிய பால். அதைக் காயவைத்தால் பால் பவுடர். பவுடர் விற்காமல் தேங்கினால் அந்த 90 கிலோவின் மதிப்பு சரிந்து பால் விலையையும் கீழே இழுக்கும். அதே வாரத்தில் கிரீமுக்குக் கிராக்கி இருக்கலாம். வெயில் காலத்தில் இந்த இடைவெளி பெரிதாகும். வெக்கையில் மாடு தீனி குறைவாக எடுக்கும். பாலின் அளவும் கொழுப்பும் குறையும். ஐஸ்கிரீம் செய்பவர்கள் எல்லாரும் கிரீம் தேடுவதும் அப்போதுதான்.

சரி, விலை நியாயமா என்று பார்க்க ஒரு கணக்கு. பால் விலையை மறந்துவிட்டு வெண்ணெய் விலையோடு ஒப்பிடுங்கள். வெண்ணெயில் 80 சதவீதம் கொழுப்பு. வெண்ணெய் கிலோ 100 ரூபாய் என்றால் அதிலுள்ள கொழுப்பு கிலோ 125 ரூபாய். 40 சதவீதக் கிரீம் கிலோ 50 ரூபாய்க்குக் கிடைத்தால் அதிலும் கொழுப்பு கிலோ 125 ரூபாய் ஆகிறது. இதற்குக் கீழே போனால் கிரீம் லாபம். மேலே போனால் வெண்ணெய் லாபம். அமெரிக்காவில் கிரீம் பேரமே இப்படித்தான் நடக்கிறது: சிகாகோ சந்தையின் வெண்ணெய் விலையை ஒரு எண்ணால் பெருக்கி, கொழுப்பின் விலையைப் பேசுகிறார்கள். அந்த எண் 1.25-க்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

கிரீமை உறையவைக்க வேண்டாம். பனிப் படிகங்கள் கொழுப்புத் துளிகளின் சவ்வைக் கிழித்துவிடும். உருகும்போது கொழுப்பு தனியே திரளும். உப்பில்லாத வெண்ணெய் வாங்கி மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள், பல மாதம் தாங்கும். பவுடர் மலிவாக இருந்தால் வெண்ணெயும் பவுடரும் சேர்த்து ஐஸ்கிரீம் கலவை தயாரிப்பது இன்னும் கட்டுப்படியாகும். ஆனால் ஹோமோஜினைசர் (கொழுப்பை நுண்துளிகளாக உடைத்துக் கலக்கும் இயந்திரம்) இருந்தால்தான் முழுமையாக மாறுங்கள். இல்லாவிட்டால் கொழுப்பு மேலே மிதந்து வாயில் பிசுபிசுக்கும். கிரீமில் ஒரு பங்கை மட்டும் வெண்ணெயாக மாற்றிச் சோதித்துப் பாருங்கள்.

மலிவாகக் கிரீம் வாங்க நீண்ட விடுமுறை நாட்கள் நல்ல நேரம். வாங்கும் ஆலைகள் மூடியிருக்கும், கறப்பு நிற்காது, டேங்கர்கள் காத்துக்கிடக்கும். கிரீம் கெடும் சரக்கு என்பதால் விற்பவர் இறங்கி வருவார். அப்புறம், ஒவ்வொரு லோடுக்கும் கொழுப்புச் சோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 40 என்று சொல்லி 37 வந்தால், நீங்கள் கொழுப்புக்குக் கொடுக்கும் விலை 8 சதவீதம் கூடிவிடுகிறது.