துக்கச் செய்தியில் வம்சம் தேடுவோருக்கு: வாசகர் கேள்வி – பதில்

(சேலத்தில் ஒரு நாளிதழின் விளம்பரப் பிரிவில் பல வருஷம் இரங்கல் விளம்பரம் வாங்கி, படி பார்த்து அச்சுக்கு அனுப்பியவர் இந்தப் பகுதியில் பதில் சொல்கிறார்.)

ஆயாவின் டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் ‘முதலாம் ஆண்டு நினைவஞ்சலி’ பேப்பர் துண்டு ஒன்று கிடைத்தது. படம், பெயர், ‘மறைவு 11.6’ வரை தெரிகிறது. வருஷம் இருந்த ஓரம் உதிர்ந்துவிட்டது. எந்த வருஷம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, குகை

முதலில் துண்டைத் திருப்பிப் பாருங்கள் அம்மா. முன்பக்கம் உங்கள் தாத்தாவைப் பற்றியது, பின்பக்கம் அந்த நாளைப் பற்றியது. கத்தரித்தவர் கவனிக்காமல் விட்ட பாதிச் சினிமா விளம்பரம், பாதி மார்க்கெட் நிலவரம், ஜவுளிக்கடைத் தள்ளுபடி எல்லாம் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

விலை ஏதாவது அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள். அணாக் கணக்கில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில் வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பிறகு வெறும் பைசாதான். ‘சென்னை மாநிலம்’ என்ற சொல் கண்ணில் பட்டால் 1969 ஜனவரிக்கு முன்பு. விலாசத்தில் 636-ல் தொடங்கும் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு, ஏனென்றால் அன்றுதான் அது நடைமுறைக்கு வந்தது.

அப்புறம் கிழமை. நினைவஞ்சலியை இறந்த தேதியிலேயே போடுவதுதான் வழக்கம். அதனால் உங்கள் துண்டு ஜூன் 11 அன்று வந்த பேப்பராக இருக்க வேண்டும். பின்பக்கத்தில் ‘இன்று ஞாயிறு’ என்று சினிமாக் கொட்டகை விளம்பரம் ஏதாவது இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1957-லிருந்து 1969 வரை ஜூன் 11 ஞாயிற்றுக்கிழமையாக வந்தது 1961, 1967 இரண்டு வருஷம்தான். கூடவே நயா பைசாவும் இருந்துவிட்டால் 1967 கழிந்துவிடும். பேப்பர் 1961, முதலாம் ஆண்டு நினைவு என்பதால் தாத்தா இறந்தது 1960 ஜூன் 11. ஒரு உள்ளங்கை அகலத் துண்டிலிருந்து இவ்வளவு எடுக்கலாம். சில குடும்பங்கள் திதி பார்த்து விளம்பரம் கொடுப்பார்கள். அப்படியானால் பேப்பர் தேதி சில நாள் முன்பின் போகும், அதை மனதில் வையுங்கள்.

எழுத்தையும் பாருங்கள். லை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய உருவத்தில் இருந்தால், அரசு எழுத்துச் சீர்திருத்தம் செய்த 1978-க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பெரியார் இயக்கப் பத்திரிகைகள் 1935-லிருந்தே புதிய எழுத்தைப் போட்டன. சின்ன அச்சகங்களோ ஈய எழுத்து மாற்றக் காசில்லாமல் 1978-க்குப் பிறகும் பழையதையே ஓட்டின.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உதிர்கிறது என்று செல்லோடேப் ஒட்டிவிடாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, நல்ல வெள்ளைத் தாள் மடிப்புக்குள் தனியாக வையுங்கள்.

அப்பாருவின் கருமாதிப் பத்திரிகையில் ‘விகாரி வருடம் மாசி மாதம் 14-ந் தேதி வெள்ளிக்கிழமை சிவலோகப் பதவி அடைந்தார்’ என்று இருக்கிறது. விகாரி 1959 என்று இணையத்தில் பார்த்தேன். 1959 என்றே எழுதிக்கொள்ளலாமா?
— வாசகர், தாரமங்கலம்

வேண்டாம் தம்பி, 1960 என்று எழுதுங்கள். விகாரி 1959 சித்திரையில் பிறந்து 1960 பங்குனியில் முடிந்தது. மார்கழி பாதியிலேயே இங்கிலீஷ் வருஷம் மாறிவிடும், மாசி அதற்கும் பின்னால். மாசி 14 என்பது 1960 பிப்ரவரி 26. அன்று வெள்ளிக்கிழமைதான், பத்திரிகையோடு ஒத்துப்போகிறது. கிழமை ஒத்துவராவிட்டால் உடனே சந்தேகப்பட வேண்டும், ஏனென்றால் அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்ப வரும். 1899-1900-ம் விகாரிதான், 2019-20-ம் விகாரிதான்.

கருமாதிப் பத்திரிகை வைத்திருப்பது பெரிய பாக்கியம். பேப்பரில் வரும் விளம்பரம் அவசரத்தில் எழுதியது. கருமாதிப் பத்திரிகை, காரியத்துக்கு முன்னால் பங்காளிகள் உட்கார்ந்து பெயர் பார்த்து அடித்தது. இரண்டும் முரண்பட்டால் பெயர் விஷயத்தில் நான் கருமாதிப் பத்திரிகையைத்தான் நம்புவேன்.

1974-ல் வந்த என் தாத்தாவின் இரங்கல் விளம்பரத்தில் அப்பா, சித்தப்பா, பெரியப்பா பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. எங்கள் அத்தை பெயர் மட்டும் இல்லை. அவர் அதற்கு முன்பே இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாமா? குடும்பத்தில் கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை.
— வாசகி, அரிசிப்பாளையம்

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். பெயர் இல்லை என்பதற்காக ஒருவரை இறந்தவராக எழுதிவிடக் கூடாது.

அந்த விளம்பரங்கள் எப்படி எழுதப்பட்டன என்று சொல்கிறேன். சாயங்காலம் பக்கம் கட்டும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு மூன்று பேர் வருவார்கள். இழவு வீட்டிலிருந்து நேராக வந்திருப்பார்கள், ஈர வேட்டிகூடக் காய்ந்திருக்காது. கையில் நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாள். அதில் இருபது இருபத்தைந்து பெயர். ஒரு பத்தி அகலத்துக்கு இத்தனை சென்டிமீட்டர், சென்டிமீட்டருக்கு இத்தனை ரூபாய் என்று நான் கணக்குப் போட்டுச் சொல்வேன். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். பிறகு பேனாவை வாங்கி அடிக்கத் தொடங்குவார்கள். முதலில் பேரன் பேத்திகள் போவார்கள். அடுத்தது சம்பந்திகள். அதற்கும் மேல் சுருக்க வேண்டுமென்றால் மகள்களின் பெயரை எடுத்துவிட்டு மருமகன்களின் பெயரை மட்டும் வைப்பார்கள். ‘மருமகன் பேர் இருந்தா பொண்ணு பேர் இருந்த மாதிரிதானுங்களே’ என்பார்கள். ‘மற்றும் மக்கள், மருமக்கள், பேரன், பேத்திகள், உற்றார் உறவினர்’ என்ற அந்த வரி பெரும்பாலும் இப்படிப் பிறந்ததுதான். அதற்குள் எத்தனை பெண்கள் அடங்கிப்போனார்கள் என்பது அந்த மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு தூரம் சொல்கிறேன்.

ஆகவே அந்த விளம்பரத்தில் ‘மருமகன்’ என்ற வரியைத் தேடுங்கள். அங்கே உங்களுக்குத் தெரியாத ஓர் ஆண் பெயர், கூடவே ஓர் ஊரோ கடையோ இருந்தால், அது உங்கள் அத்தை வாழ்க்கைப்பட்ட வீடாக இருக்கலாம். ‘மில்ஸ்’, ‘ஜவுளி’, ‘செவ்வாய்ப்பேட்டை’ என்று ஒட்டு ஏதாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

பெயருக்கு முன்னால் ‘லேட்’ என்றோ ‘காலஞ்சென்ற’ என்றோ இருக்கிறதா என்றும் பாருங்கள். மகன்கள் வரிசையில் ஒருவருக்கு அப்படி இருந்தால் அவர் 1974-க்கு முன்பே போய்விட்டார் என்பது உறுதியாகிறது. பெயர்களின் வரிசையும் முக்கியம், ஆண்களை வயது வரிசையில்தான் போடுவார்கள். வரிசை மாறியிருந்தால் இரண்டு தாரத்து மக்களைத் தனித்தனியாகக் கோத்திருக்கலாம். மூத்த தாரத்தின் பெயர் இல்லாமல் இரண்டாம் தாரம் மட்டும் ‘மனைவி’ என்று வந்த விளம்பரங்களை நானே வாங்கியிருக்கிறேன்.

வயதை அப்படியே நம்ப வேண்டாம். மூத்த மகன் 78 என்பார், இளையவர் 80 தாண்டிவிட்டது என்பார், கடைசியில் தாளில் 80 என்று விழும். இறந்த தேதி, ஊர்வலம் புறப்பட்ட வீட்டு விலாசம் இரண்டும் நம்பகமானவை, ஜனம் வந்து சேர வேண்டுமே. அந்த விலாசத்தை எழுதி வையுங்கள். பழைய வீட்டு வரி ரசீது, ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் அதுதான் பிடி.

குடும்பத்தில் வாய் திறக்காததற்கு வேறு காரணம் இருக்கலாம். சாதி மாறிக் கல்யாணம், சொத்துத் தகராறு, புகுந்த வீட்டில் நேர்ந்த ஏதோ ஒன்று. அத்தையின் பெயரை உங்கள் வம்சப் பட்டியலில் கேள்விக்குறியோடு எழுதுங்கள். இறந்தார் என்று எழுதாதீர்கள். அதோடு அத்தையின் தாய்மாமன் வீட்டார் யாராவது இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். அப்பா வழியில் மறைப்பதை அம்மா வழியில் பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள்.

பேப்பரில் வந்த மறைவுச் செய்தியைக் காட்டி வாரிசுச் சான்றிதழ் வாங்க முடியுமா?
— வாசகர், சூரமங்கலம்

முடியாது. இறப்புச் சான்றிதழ்தான் வேண்டும். பேப்பர் செய்தி, எந்த வருஷப் பதிவேட்டில் தேடுவது என்று காட்டும், அவ்வளவுதான். கிராமத்தில் இறந்திருந்தால், 1980-ல் அந்தப் பதவி ஒழிக்கப்படும் வரை கிராம முன்சீப் என்ற ஊர் அதிகாரிதான் இறப்பைப் பதிந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தில் பழைய பதிவேடு இருக்கிறது என்று விசாரியுங்கள்.

எங்கள் தாத்தா, பாட்டி இருவரும் ஏற்காட்டில் காப்பி எஸ்டேட் தொழிலாளிகள். 1950-களில் இறந்தார்கள். எந்தப் பேப்பரில் தேடுவது?
— வாசகர், ஏற்காடு

உங்கள் நேரத்தைப் பேப்பரில் செலவழிக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது. சேர்வராயன் மலைத் தோட்டத்தில் காப்பி பறித்தவருக்கு அந்தக் காலத்தில் யாரும் விளம்பரம் கொடுக்கவில்லை. இரங்கல் பக்கத்தில் துரைமார்களும் எஸ்டேட் முதலாளிகளும் வந்தார்கள், மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்களும் கூலி ஆட்களும் வரவில்லை. ஒரு மலையின் பாதி வரலாறு அந்தப் பக்கத்தில் இல்லை. தேடத் தொடங்குகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டுதான் தொடங்க வேண்டும்.

வேறு வழிகள் உண்டு. 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. எஸ்டேட்டில் செக்ரோல் என்று ஆள் பேரேடு இருந்தது. எஸ்டேட் கைமாறியிருந்தாலும் பழைய ரைட்டர் (கணக்கு எழுதியவர்) குடும்பத்தில் விசாரியுங்கள், சிலர் அந்தப் புத்தகங்களை வீட்டில் வைத்திருப்பார்கள். தாத்தா கிறிஸ்தவர் என்றால் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றுக்கும் கோயில் பதிவேடு இருக்கும். கத்தோலிக்கர் என்றால் பங்குச் சாமியாரைக் கேளுங்கள். சேலம் மறைமாவட்டம் 1930-ல்தான் தனியாக வந்தது, அதனால் அதற்கு முந்தைய பதிவு வேறு ஊரில் இருக்கவும் கூடும். இந்துக் குடும்பம் என்றால் குலதெய்வக் கோயில் வரி கொடுத்த பட்டியல், பெரிய தேர்த் திருவிழாவுக்கு ஊர் சேர்த்த நோட்டு இவற்றைப் பாருங்கள். திதி கொடுக்கும் மாதத்தையும் பட்சத்தையும் அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். வருஷம் மறந்தாலும் திதி மறக்க மாட்டார்கள்.

நினைவுக் கல் இருக்கும் ஊரையும் இறந்த ஊரையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்கு ஏற்காட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. பல்லாவரத்தில் 1863-ல் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் பணி ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912 டிசம்பரில் இறந்ததோ கல்கத்தாவில். ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவுக் கல் இருக்கிறது. கல்லைப் பார்த்துவிட்டு ‘ஏற்காட்டில் இறந்தார்’ என்று எழுதினால் தப்பாகிவிடும்.

சேலத்தின் பழைய பேப்பர்கள் எங்கே பார்க்கக் கிடைக்கும்? உள்ளூர் நூலகத்தில் ஒன்றுமில்லை என்கிறார்கள்.
— வாசகி, அம்மாப்பேட்டை

கிளை நூலகங்களில் தினசரிகளைக் கொஞ்ச காலம் வைத்துவிட்டு எடைக்குப் போட்டுவிடுவார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது, இடமில்லை. சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம் அச்சாகும் நூலும் நாளிதழும் சட்டப்படி வந்துசேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்கள் ஏராளம்.

ஆனால் போகும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அவர்களிடம் இருப்பது சேலம் பதிப்பா, சென்னைப் பதிப்பா? ஒரே நாளிதழ், ஒரே தேதி, ஆனால் சேலம் இரங்கல் விளம்பரம் சேலம் பதிப்பில் மட்டும்தான் வரும். சென்னைப் பதிப்பைப் புரட்டிவிட்டு ‘வரவில்லை’ என்று திரும்பியவர்கள் நிறையப் பேர்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். ‘சேலம் ஜில்லா’ என்று 1965-க்கு முன் அச்சானால் அது தர்மபுரியாகவோ ஓசூராகவோ கிருஷ்ணகிரியாகவோ இருக்கலாம். 1997 வரை நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். பூர்வீகம் என்று போட்ட ஊர் இன்றைய வரைபடத்தில் கிடைக்காவிட்டால் மேட்டூர் அணை நீர்ப்பிடிப்புக்குள் தேடுங்கள். 1934-ல் அணை முடிந்தபோது பண்ணவாடிப் பக்கத்துக் கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. அங்கிருந்து கிளம்பியவர்கள் சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களில் போய்க் குடியேறினார்கள்.

அம்மாப்பேட்டையில் இருக்கிறீர்கள், அதனால் இன்னொரு வழியும் சொல்கிறேன். உங்கள் தெருவில் பழைய அச்சகம் எதுவும் இன்னும் நடக்கிறதா என்று பாருங்கள். கருமாதிப் பத்திரிகைக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் மாதிரிப் பிரதி ஒன்றைக் கம்பியில் குத்தி வைக்கும் பழக்கம் அச்சகக்காரர்களுக்கு உண்டு. குடும்பப் பெயரையும் தோராயமான வருஷத்தையும் சொல்லிக் கேளுங்கள், கூடவே உட்கார்ந்து தேடித் தருகிறேன் என்று சொல்லுங்கள்.