திருத்தம் வெளியாகிவிட்டது, உங்கள் சாதனத்துக்கு வந்து சேர்ந்ததா?

இயங்குதளப் பாதுகாப்பு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலில் காணப்படும் பாதுகாப்பு ஓட்டைகளையும் அவற்றைச் சரிசெய்யும் முறையையும் பற்றியவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் அளிக்கிறோம்.

கேள்வி: பிழை இல்லாத மென்பொருளே கிடையாது. அப்படியிருக்க, கெர்னலில் பிழை என்றவுடன் மட்டும் ஏன் இவ்வளவு பதற்றம்?

பதில்: செயலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துவைப்பது, நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது, எந்தக் கோப்பை யார் தொடலாம் என்று முடிவுசெய்வது ஆகிய எல்லாமே கெர்னலின் பொறுப்பு. உலாவியில் ஓர் ஓட்டை இருந்தால், தாக்குபவர் கெர்னல் விதித்த எல்லைக்குள்தான் நிற்க வேண்டியிருக்கும். ஓட்டை கெர்னலிலேயே இருந்தால் அந்த எல்லைக்கே பொருள் இல்லாமல் போய்விடுகிறது. எச்சரிக்கை அறிவிப்புகளில் 'ஏற்கெனவே கணக்கு உள்ள பயனரால் மட்டுமே பயன்படுத்தக்கூடியது' என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைபவர்கள் உண்டு. அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. தேர்ந்த தாக்குதல்கள் முதலில் உலாவி போன்ற ஒரு செயலியின் வழியாக உள்ளே நுழைந்து, அடுத்த கட்டமாகக் கெர்னல் ஓட்டையைக் கொண்டு முழு அதிகாரத்தையும் கைப்பற்றுகின்றன.

கேள்வி: 'ஓரிரு வரிகளில் சரிசெய்துவிட்டார்கள்' என்று செய்திகளில் படிக்கிறேன். அவ்வளவு சிறிய பிழை பல ஆண்டுகளாக எப்படிக் கண்ணில் படாமல் இருந்தது? அடைத்த ஓட்டை மீண்டும் திறந்துகொள்வதாகவும் சொல்கிறார்களே?

பதில்: 2022 மார்ச் 7 அன்று பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட 'டர்ட்டி பைப்' என்ற ஓட்டை, லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலில் இருந்தது; இதற்கு அது தெளிவான சான்று. படிக்க மட்டுமே அனுமதி உள்ள கோப்பாக இருந்தாலும், நினைவகத்தில் இருக்கும் அதன் பிரதியில் எழுத அது வழிவிட்டது. அதன் வேர், பைப் என்னும் தரவு வழித்தடத்தில் தரவைத் தற்காலிகமாக வைக்கும் ஓர் இடையகத்தைத் தயார்செய்யும்போது, அதன் நிலையைக் குறிக்கும் அடையாளக்கொடிகளைச் சுழியமாக்காமல் பழைய மதிப்போடு விட்டுவிட்டதுதான். இந்தக் குறை 4.9 பதிப்பிலேயே நுழைந்துவிட்டது. ஆனால் அப்போதிருந்த கொடிகளில் எதுவும் தீங்கு செய்யக்கூடியதாக இல்லை. 2020இல் வெளியான 5.8 பதிப்பில், 'இந்த இடையகத்தோடு புதிய தரவைச் சேர்த்து எழுதலாம்' என்ற பொருளுடைய ஒரு கொடி அறிமுகமானபோதுதான் பழைய குறை ஆயுதமாக மாறியது. இரண்டு மாற்றங்களையும் தனித்தனியே படித்துப் பார்க்கும் எவருக்கும் அவை சரியானவையாகவே தோன்றும். அவை சந்திக்கும் இடத்தில்தான் ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்த மாக்ஸ் கெல்லர்மானும் ஓட்டையைத் தேடிப் புறப்பட்டவர் அல்லர். சேமித்துவைத்த பதிவுக் கோப்புகள் அவ்வப்போது சிதைந்துபோனதன் காரணத்தை விடாமல் துரத்தியவர். அவர் பிப்ரவரி 20ஆம் நாள் கெர்னல் பாதுகாப்புக் குழுவுக்குத் தெரிவித்தார். 23ஆம் நாளே திருத்தப்பட்ட பதிப்புகள் வெளிவந்தன. திருத்தம் கொடிகளைச் சுழியமாக்கும் மாற்றம் மட்டுமே என்றாலும், அந்த வரி எங்கே விடுபட்டது என்று கண்டறியச் செலவான உழைப்பின் அளவை வரிகளின் எண்ணிக்கை காட்டாது.

மீண்டும் திறந்துகொள்ளும் ஓட்டைக்கு 'டர்ட்டி கவ்' சான்று. நினைவகத்தின் ஒரு பக்கத்தில் (அதாவது, ஒரு துண்டில்) எழுத முற்படும்போது மட்டும் அதைப் பிரதியெடுக்கும் நினைவக உத்தியில், இரண்டு செயல்கள் ஒரே நேரத்தில் மோதிக்கொள்வதால் எழுந்த பிழை அது. 2007இல் வெளியான பதிப்பு முதல் தாக்குதலுக்கு இடம் தந்துவந்து, 2016 அக்டோபரில் சரிசெய்யப்பட்டது. அந்தத் திருத்தத்தோடு எழுதிய குறிப்பில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், பதினோரு ஆண்டுகளுக்கு முன் தாமே இதைச் சரிசெய்ய முயன்றதையும், வேறொரு கணினி வகையில் சிக்கல் எழுந்ததால் அந்தத் திருத்தம் பின்னர் விலக்கிக்கொள்ளப்பட்டதையும் பதிவுசெய்திருக்கிறார். 2016இன் திருத்தமும் முழுமையாக அமையவில்லை. அளவில் பெரிய நினைவகப் பக்கங்களைக் கையாளும் பகுதியில் அது ஒரு குறையை விட்டுவைத்திருந்தது 2017 நவம்பரில் வெளிப்பட்டு, மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. ஒரே தர்க்கம் பல இடங்களில் சிறுசிறு வேறுபாடுகளோடு எழுதப்பட்டிருக்கும் நிரலில், புகார் வந்த இடத்தை மட்டும் சரிசெய்துவிட்டு நிறுத்திக்கொள்வதில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது.

மூல நிரலைப் படித்தாலே போதும் என்ற நம்பிக்கையையும் 2009இல் வெளிவந்த ஒரு பிழை அசைத்தது. மெய்நிகர் வலையமைப்புக்கான 'டன்' இயக்கியில், நினைவக முகவரியைக் குறிக்கும் ஒரு சுட்டி வெற்றா என்று சோதிக்கும் வரி முறையாகவே இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வரியிலேயே அந்தச் சுட்டி பயன்படுத்தப்பட்டிருந்தது. பயன்படுத்திவிட்டதால் அது வெற்றாக இருக்க முடியாது என்று கொண்ட கம்பைலர் (மூல நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்), சோதனை வரியையே நீக்கிவிட்டது. எழுதப்பட்ட பாதுகாப்பு, இயங்கும் கெர்னலில் இல்லை. அப்போது வரிகளின் முறையை மாற்றியதோடு நிற்காமல், இத்தகைய சோதனைகளை நீக்கக் கூடாது என்று கம்பைலருக்கே ஆணையிடும் விருப்பத்தேர்வைக் கெர்னல் முழுமைக்கும் சேர்த்தார்கள். நல்ல திருத்தம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்: ஒரு பிழையைத் திருத்தியதோடு, அதே இனத்தைச் சேர்ந்த மற்ற பிழைகளுக்கும் அது வழியை அடைத்தது.

கேள்வி: மனிதர் கண்ணுக்குத் தப்புபவற்றைக் கருவிகளைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாதா?

பதில்: முடிகிறது. கூகுளில் உருவான சிஸ்காலர் என்ற கருவி, கெர்னலுக்குச் செல்லும் அழைப்புகளை எண்ணற்ற விதங்களில் மாற்றிமாற்றிக் கொடுத்து, இதுவரை செல்லாத நிரற்பாதைகளை நாடிச் செல்கிறது. விடுவிக்கப்பட்ட நினைவகத்தை மீண்டும் தொடுவது போன்ற தவறுகளை, அவை நிகழும் கணத்திலேயே கேஸான் என்ற கண்காணிப்பு வசதி காட்டிக்கொடுக்கிறது. இந்த வகைத் தவறுகளைக் கம்பைலர் நிலையிலேயே பெருமளவு தடுக்கும் ரஸ்ட் மொழிக்கு, 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் லினக்ஸ் கெர்னலில் இடம் உண்டு. எனினும், சி மொழியில் ஏற்கெனவே குவிந்திருக்கும் கோடிக்கணக்கான வரிகள் அங்கேயேதான் இருக்கும். கருவி கண்டுபிடித்துத் தருவதைப் படித்து, புரிந்துகொண்டு, திருத்த ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களின் பற்றாக்குறைதான் இப்போது பெரிய நெருக்கடி என்பது என் கருத்து.

கேள்வி: திருத்தம் தயாராகும் வரை ஓட்டையை மறைத்துவைப்பது பயனர்களை ஏமாற்றுவது ஆகாதா?

பதில்: குறுகிய கால மௌனத்தை நான் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், நீண்ட மௌனத்தை ஏற்கவும் மாட்டேன். லினக்ஸ் கெர்னல் பாதுகாப்புக் குழுவின் விதிப்படி, உறுதியான திருத்தம் தயாரான பின், புகார் அளித்தவரோ பாதிக்கப்படுபவரோ கேட்டுக்கொண்டால் வெளியீட்டை 7 நாள் வரை தள்ளிவைக்கலாம். விதிவிலக்காக 14 நாள். அதற்குமேல் காத்திருப்பதில்லை. காரணம் நியாயமானது: திறந்த மூல நிரலில் திருத்தம் சேர்ந்த அன்றே, அதைப் பழைய நிரலோடு ஒப்பிட்டு ஓட்டை எங்கே இருந்தது என்று எவரும் கண்டுகொள்ளலாம். ஆகவே, திருத்தம் வெளியாவதும் தாக்குதலுக்கான குறிப்பு வெளியாவதும் ஒரே நிகழ்வுதான். அந்த நாள் முதல், பயனர்கள் புதுப்பிக்கும் வேகத்துக்கும் தாக்குபவர்களின் வேகத்துக்கும் இடையே போட்டி தொடங்கிவிடுகிறது. 2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கு வெளியிட்ட ஒரு திருத்தத்தை நிறுவாதிருந்த கணினிகளில்தான், ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து, மே 12 அன்று வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவியது.

கேள்வி: என் கைபேசிக்குத் தயாரிப்பாளரிடமிருந்து புதுப்பிப்பு வருவது நின்றுவிட்டது. செயலிகளை மட்டும் தவறாமல் புதுப்பித்துவருகிறேன். இது போதுமா?

பதில்: போதாது. செயலிகளைப் புதுப்பிப்பதால் உள்ளே நுழையும் வாசல்கள் குறைகின்றன, அது நல்லதே; ஆனால் கெர்னல் பழையதாகவே இருக்கும், செயலிக் கடைகள் வழியாக அது மாறாது.

லினக்ஸ் கெர்னலைக் கொண்டே இயங்கும் ஆண்ட்ராய்டில் செயலிகள் ஒன்றோடொன்று பேசப் பயன்படுத்தும் பைண்டர் இயக்கியில், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும் பிழை ஒன்றை 2017 நவம்பரில் சிஸ்காலர் காட்டிக்கொடுத்தது. 2018 பிப்ரவரியில் லினக்ஸின் 4.14 வரிசையில் அது திருத்தப்பட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பாதுகாப்பு அடையாள எண் எதுவும் அப்போது வழங்கப்படவில்லை. அது சாதாரணப் பிழைதிருத்தங்களுள் ஒன்றாகக் கலந்துபோனது. கைபேசிகள் பலவற்றின் கெர்னலுக்கு அது போய்ச் சேரவே இல்லை. 2019இல் அந்த ஓட்டை உண்மையான தாக்குதலில் பயன்படுத்தப்படுவதாகத் தகவல் கிடைத்த பிறகுதான், கூகுளின் ஆய்வாளர்கள் அதை வெளிப்படுத்தினர். அவ்வாண்டு அக்டோபர் மாதப் புதுப்பிப்பில் திருத்தமும் வந்தது. ஒன்றரை ஆண்டுக்கும் மேலாகத் திருத்தம் உலகின் கண்முன்னே இருந்தது, கைபேசிகள் திறந்து கிடந்தன. கெர்னலை எழுதியவர்கள் தங்கள் பணியை முடித்திருந்தனர். நடுவில் இருந்த சங்கிலி அறுந்திருந்தது.

2024 பிப்ரவரி முதல் லினக்ஸ் கெர்னல் குழுவே சி.வி.இ. எனப்படும் அத்தகைய பாதுகாப்பு அடையாள எண்களை வழங்குகிறது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் எண்கள் வருவதால் அவற்றைத் தரம்பிரிக்க முடியவில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். அவர்களுடைய சுமை எனக்குப் புரிகிறது. ஆயினும் எண்ணே இல்லாமல் ஒரு திருத்தம் தொலைந்துபோவதைவிட இது மேல். தேவையானவற்றை மட்டும் பொறுக்கி எடுப்பதைக் காட்டிலும், பிழைதிருத்தங்களை மட்டுமே பெற்றுவரும் நிலையான கெர்னல் வரிசையின் திருத்தங்களை முழுமையாக எடுத்துக்கொள்வதே தயாரிப்பாளர்களுக்குப் பாதுகாப்பான வழி.

உங்கள் கைபேசியின் அமைப்புகளில் 'பாதுகாப்புப் புதுப்பிப்பு' என்ற இடத்தில் உள்ள தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கும் மேல் பழையதாக இருந்தால், வங்கிப் பரிமாற்றங்களை அக்கருவியிலிருந்து விலக்குங்கள். அடுத்த கைபேசியை வாங்கும்போது, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தரப்படும் என்று கேட்டு, அதையும் விலையோடு சேர்த்து எடைபோடுங்கள்.

கேள்வி: எங்கள் சர்வரில் கெர்னல் புதுப்பிப்பு நிறுவப்பட்டுவிட்டது, ஆனால் மறுதொடக்கம் செய்ய அனுமதி கிடைக்கவில்லை. நாங்கள் பாதுகாப்பாக இருக்கிறோமா?

பதில்: இல்லை. புதிய கெர்னல் வட்டில்தான் இருக்கிறது; நினைவகத்தில் இயங்கிக்கொண்டிருப்பது ஓட்டை உள்ள பழையதே. இயங்கும் கெர்னலின் பதிப்பைச் சொல்லும் யூநேம் கட்டளையைக் கொடுத்து, நிறுவப்பட்ட பதிப்போடு ஒப்பிட்டால் இது விளங்கும். மறுதொடக்கம் இன்றியே திருத்தும் லைவ் பேட்ச் வசதி, 2015இல் வந்த 4.0 பதிப்பு முதல் லினக்ஸில் உள்ளது. பழுதுள்ள செயற்கூற்றுக்கு வரும் அழைப்புகளைத் திருத்தப்பட்ட செயற்கூற்றுக்கு அது திருப்பிவிடுகிறது. தரவுக் கட்டமைப்பையே மாற்ற வேண்டிய திருத்தங்களுக்கு இது எளிதில் பொருந்தாது. எனவே அதை மறுதொடக்கத்துக்கு மாற்றாகக் கொள்ளாமல், அடுத்த பராமரிப்பு நேரம் வரை தாங்கும் ஏற்பாடாக மட்டும் கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கான தேதியை இப்போதே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.