கவுண்டியின் 'இடைநிலைக் குடும்ப வருமானம்' என்றால் என்ன? வீட்டு உதவிக்கு அதை ஏன் பார்க்கிறார்கள்?

அமெரிக்காவில் குறைந்த வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சொல் இது. ஒரு கவுண்டியிலுள்ள, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியிலுள்ள, குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால், சரிபாதியில் நிற்கும் குடும்பத்தின் வருமானமே இடைநிலை வருமானம்.

இது சராசரி அன்று. பள்ளியில் உயர வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் கடைசிப் பையன் இன்னும் ஓர் அடி வளர்ந்தாலும் நடுவில் நிற்பவன் மாறுவதில்லை. அதுபோல, சில கோடீசுவரர்களின் வருமானம் இந்த எண்ணை மேலே இழுத்துவிடாது.

வாடகை ஊருக்கு ஊர் வெகுவாக வேறுபடுவதால், நாடு முழுவதற்கும் ஒரே வரம்பு வைப்பது நியாயமாகாது. ஆகவே மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை ஒவ்வொரு பகுதிக்கும் ஆண்டுதோறும் இந்த எண்ணைக் கணித்து, பொதுவாக அதில் 80 சதவீதத்துக்குள் இருப்போரைக் குறைந்த வருமானத்தினர் என்றும், 50 சதவீதத்துக்குள் இருப்போரை மிகக் குறைந்த வருமானத்தினர் என்றும், குடும்ப உறுப்பினர் எண்ணிக்கைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வகைப்படுத்துகிறது. கலிபோர்னியாவின் சாண்டா கிளாரா கவுண்டியில் 2024-இல் நால்வர் குடும்பத்துக்கு இந்த இடைநிலை வருமானம் 1,84,300 டாலராக இருந்தது. அங்கே அப்போது 92,000 டாலர் ஈட்டிய நால்வர் குடும்பமும் 'மிகக் குறைந்த வருமான' வகையில்தான் வந்தது. வேறு பல ஊர்களில் அதே தொகையில் நிம்மதியாக வாழலாம் என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

வரம்புக்குள் வந்தாலே வீடு கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது விண்ணப்பிக்கும் தகுதியை மட்டுமே தருகிறது, வாடகையில் ஒரு பங்கை அரசு ஏற்கும் வாடகை உதவிச் சீட்டுக்கான காத்திருப்போர் பட்டியல் பல ஊர்களில் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.