புரதம் செல்லுக்குள் போய்விட்டது, ஆனால் வேலை செய்யவில்லை. ஏன்?

அறிவியல் கேள்வி–பதில்: நானோ துகளில் புரத மருந்து

இன்சுலினும் புரதம்தானே? அதை வெறும் ஊசியாகவே போடுகிறோம். மற்றவற்றுக்கு மட்டும் நானோ துகள் எதற்கு?
– ஒரு வாசகர், ஈரோடு

இன்சுலின் செல்லுக்குள் போக வேண்டியதில்லை. மேல்புறத்தில் உள்ள ஏற்பியில் ஒட்டினாலே அதன் வேலை தொடங்கிவிடும். ஆனால் மரபணுவை வெட்டும் கேஸ்9 போன்ற புரதம் உட்கரு வரை போயாக வேண்டும். சுமார் 160 கிலோடால்டன் எடையுள்ள அது செல்சவ்வைத் தானாகக் கடக்காது. அதைச் சுமந்துபோகத்தான் லிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுகளால் ஆன நானோ துகள்.

எம்ஆர்என்ஏ துகள் செய்யும் அதே முறையில், பிஎச் 4 பஃபரில் (அமிலத்தன்மை எளிதில் மாறாத கரைசல்) எங்கள் புரதத்தைக் கலந்தேன். கலவை பால்போல் கலங்கி அடியில் படிகிறது. எங்கே தவறு?
– எம்.பார்ம். மாணவி, சிதம்பரம்

தவறு பஃபரில். எம்ஆர்என்ஏ எந்த பிஎச்-இலும் எதிர்மின்னூட்டத்தோடு இருக்கும். பிஎச் 4-இல் லிப்பிட் நேர்மின்னூட்டம் பெறுவதால் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. புரதத்தின் கதை வேறு. அதன் சமமின் புள்ளி (மொத்த மின்னூட்டம் பூஜ்யமாகும் பிஎச்) 5.5 என்றால், பிஎச் 4-இல் அதுவும் நேர்மின்னூட்டம் பெற்று லிப்பிடை விலக்கும். பல புரதங்கள் அந்த அமிலத்தில் மடிப்புக் குலைந்து திரளவும் செய்யும். நீங்கள் பார்க்கும் படிவு பெரும்பாலும் அதுதான்.

புரதத்தைப் பிஎச் 7.4 பஃபரிலேயே வையுங்கள். அங்கே வழக்கமான லிப்பிடுக்கு மின்னூட்டம் அநேகமாக இருக்காது. அதனால் எப்போதும் நேர்மின்னூட்டம் கொண்ட டோட்டாப் என்ற லிப்பிடை 10 மோல் சதவீத அளவில் சேருங்கள். டல்லாஸ் யூடி சவுத்வெஸ்டர்ன் மையத்தினர் 2020-இல் கேஸ்9-ஐ இந்த வழியில்தான் ஏற்றினார்கள். கேஸ்9 தனியாக நேர்மின்னூட்டம் கொண்டது. வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வழிகாட்டி ஆர்என்ஏவுடன் சேர்ந்த பிறகே மொத்தத்தில் எதிர்மின்னூட்டம் பெறும். ஆகவே அவை இரண்டையும் முதலில் சேர்த்துவிட்டு, பிறகு லிப்பிடிடம் கொண்டுபோங்கள். பஃபர் 3 பங்கு, லிப்பிட் கரைந்த எத்தனால் 1 பங்கு. சட்டென்று கலக்க வேண்டும். மெதுவாகச் சொட்டுவிட்டால் துகள்கள் பெரிதாகி, அளவும் சீராக வராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். எத்தனாலை நீக்க 10 கிலோடால்டனுக்குக் குறைந்தவற்றை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையைப் பயன்படுத்தினால், துகளில் ஏறாத புரதமும் பைக்குள்ளேயே தங்கிவிடும். அதை அப்படியே அளந்தால் எல்லாம் ஏறிவிட்டதாகத் தெரியும். மூலக்கூறுகளை அளவு வாரியாகப் பிரிக்கும் குழாயில் (column) ஓட்டி, துகளையும் தனிப் புரதத்தையும் பிரித்த பிறகே ஏற்ற அளவைக் கணக்கிடுங்கள்.

ஒளிரும் சாயம் ஒட்டிய புரதம் எல்லாச் செல்லிலும் தெரிகிறது. பலன் மட்டும் இல்லையே?
– ஆராய்ச்சி மாணவர், கோவை

மைக்ரோஸ்கோப்பில் ஒளி எப்படித் தெரிகிறது என்று பாருங்கள். புள்ளி புள்ளியாக இருந்தால் புரதம், செல் வெளிப்பொருளை உள்ளிழுக்கும் எண்டோசோம் பைகளில் சிக்கியிருக்கிறது. செல் முழுக்க மெல்லியதாகப் பரவியிருந்தால்தான் வெளியே வந்திருக்கிறது. எண்டோசோமின் பிஎச் 6.5-இலிருந்து இறங்கிக்கொண்டே போய், கடைசியில் லைசோசோமில் 4.5 அருகே நிற்கும். அங்கே புரதம் செரிக்கப்பட்டுவிடும். அதற்குள் லிப்பிட் மின்னூட்டம் பெற்றுப் பையின் சவ்வைக் குலைக்க வேண்டும். அதனால்தான் லிப்பிடின் பிகேஏ (அதில் பாதி மின்னூட்டம் பெறும் பிஎச்) 6.4 போன்ற அளவில் இருப்பது நல்லது. எஸ்ஐஆர்என்ஏ (மரபணுவை அடக்கும் சிறு ஆர்என்ஏ) ஏற்றிய துகள்களில் 2013-இல் அளந்தபோது, சரக்கில் 1 முதல் 2 சதவீதமே பையை விட்டு வெளியேறியிருந்தது. இந்தத் துறையின் உண்மையான முட்டுக்கட்டை இதுதான். உள்ளே போன அளவைக் காட்டும் வரைபடத்தை வெற்றி என்று எடுத்துக்கொள்வது பெரும் பிழை.

எண்டோசோம் கிழிந்ததா என்று பார்க்க, ஒளிரும் கேலக்டின் புரதம் கொண்ட செல்களைப் பயன்படுத்துங்கள். பை கிழிந்த இடத்தில் கேலக்டின் குவிந்து பளிச்சென்று தெரியும். தனிச் சாயம், வெற்றுத் துகள், துகளில்லாத புரதம் ஆகிய மூன்றும் ஒப்பீட்டுக்காகக் கட்டாயம் கூடவே ஓட வேண்டும்.

கூடலூர்ப் பக்கம் சிக்கிள் செல் (ரத்தச் சிவப்பணு அரிவாள் வடிவமாகும் பரம்பரை நோய்) நோயாளிகள் பலர். நானோ ஊசி இவர்களுக்கு வந்துவிட்டதா?
– செவிலியர், நீலகிரி

இல்லை. 2023-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த காஸ்ஜெவி என்ற சிக்கிள் செல் சிகிச்சையில் கேஸ்9 புரதம்தான் பயன்படுகிறது. ஆனால் ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, மின்துடிப்பு கொடுத்துப் புரதத்தை ஏற்றுகிறார்கள். புசல்ஃபான் என்ற மருந்தைக் கொடுத்து மஜ்ஜையைக் காலி செய்த பிறகு அந்தச் செல்களைத் திருப்பிச் செலுத்துகிறார்கள். துகளை நேரே ஊசியில் போட்டால் என்ன? ரத்தத்தில் விடும் லிப்பிட் துகள் மீது அபோஈ என்ற புரதம் படிந்து, பெரும்பகுதியை ஈரலுக்கு இழுத்துப் போய்விடும். டோட்டாப்பை 50 சதவீதத்துக்கு உயர்த்தினால் நுரையீரலுக்குத் திரும்பும். மஜ்ஜையை இவ்வளவு எளிதாகத் தொட முடியவில்லை. இப்போதைக்கு உங்கள் நோயாளிகளுக்கு ஹைட்ராக்சியூரியா மருந்துதான் கைகொடுக்கும். அதை மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் கொடுத்து, ரத்த அணுக்களின் எண்ணிக்கையைத் தவறாமல் பார்த்து வாருங்கள்.